படத்தில் அடைப்புத் தெரிகிறது, பிறகு எதை அளக்கிறார்கள்? பிரஷர் வயர் பற்றி ஒரு விரிவான பதில்

தம்பலகாமத்திலிருந்து ஒரு மகன் கேட்டிருக்கிறார். அவருடைய அப்பாவுக்கு 61 வயது, விவசாயி, எட்டு வருடமாக நீரிழிவு. மூன்று மாதமாக, கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடந்தாலும் நெல் மூட்டை தூக்கினாலும் நெஞ்சு இறுக்குகிறது. நின்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் விட்டுவிடுகிறது. கொழும்பில் ஆஞ்சியோகிராம், அதாவது இதய நாடிகளின் எக்ஸ்ரேப் படம், எடுத்தார்கள். இதயத்தின் முன்பக்க நாடியில் 60 வீதம், வலது நாடியில் 80 வீதம் அடைப்பு என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிறது. ஆனால் நாடியை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை அன்றே வைக்கவில்லை. இரண்டு கிழமை கழித்து வரச் சொல்லி, பிரஷர் வயர் என்ற, நாடிக்குள் அமுக்கத்தை அளக்கும் மெல்லிய கம்பியைப் போட்டு அளந்து பார்த்துத் தீர்மானிக்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு 70 வீதத்துக்கே உடனே ஸ்டென்ட் வைத்தார்களாம். படத்திலேயே அடைப்புத் தெரியும்போது இன்னும் எதை அளக்கப் போகிறார்கள், அப்பாவை இழுத்தடிக்கிறார்களா என்பதே அவர் கேள்வி.

தம்பி, இழுத்தடிக்கவில்லை. அளந்து பார்க்கலாம் என்று சொன்ன வைத்தியர் உங்கள் அப்பாவுக்கு நல்லதைத்தான் செய்திருக்கிறார். நான் கொழும்பில் பத்தொன்பது வருடம் காத் லாப்பில், அதாவது ஆஞ்சியோகிராமும் ஸ்டென்டும் செய்யும் அறையில், தாதிய உத்தியோகத்தராக இருந்து, ஓய்வு பெற்று, இப்போது உப்புவெளியில் இருக்கிறேன். அந்த வயரின் உறையைப் பிரித்து வைத்தியரின் கையில் கொடுத்ததும், மருந்தை ஏற்றியதும், திரையில் எண் இறங்குவதை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்ததும் என் அன்றாட வேலை. தொடக்க காலத்தில் எங்களிடம் அந்த வயர் இருக்கவில்லை. கண்ணால் பார்த்த வீதத்தை நம்பித்தான் எல்லாம் நடந்தது. இரண்டு காலத்தையும் பார்த்தவர் என்ற முறையில் இதைக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

இதயத் தசைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கால் தசை ஓய்வில் இருக்கும்போது, தன்னிடம் வரும் இரத்தத்திலுள்ள ஒட்சிசனில் கொஞ்சத்தைத்தான் எடுத்துக்கொள்ளும். வேலை கூடினால் மிச்சத்தையும் எடுக்க அதற்கு இடமிருக்கிறது. இதயம் அப்படியல்ல. நாம் கதிரையில் சாய்ந்திருக்கும்போதே அது வருவதில் ஏறக்குறைய 70 வீதத்தை உறிஞ்சிவிடுகிறது. ஆகவே ஏற்றம் ஏறும்போது கூடுதல் ஒட்சிசன் வேண்டுமானால் கூடுதல் இரத்தம் வந்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை. ஓய்வில் இதயத் தசைக்குப் போவது நிமிடத்துக்குச் சுமார் 250 மில்லிலீற்றர். ஆரோக்கியமான இதயத்தில் தேவை உச்சத்துக்குப் போனால் அது நாலைந்து மடங்காக உயரும். அப்படி உயர்த்துபவை ஆஞ்சியோகிராம் படத்தில் நாம் பார்க்கும் பெரிய நாடிகள் அல்ல. அவற்றின் நுனியில், தசைக்குள் புதைந்து, படத்தில் தெரியாத அளவுக்கு மெல்லியவையாக இருக்கும் நுண்நாடிகள்தான் விரிந்தும் சுருங்கியும் பாய்ச்சலைக் கூட்டிக் குறைக்கின்றன.

பெரிய நாடி ஓரிடத்தில் ஒடுங்கினால், கீழே உள்ள நுண்நாடிகள் ஓய்விலேயே கொஞ்சம் விரிந்து அதை ஈடுகட்டிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. 1974இல் லான்ஸ் கோல்ட் என்ற அமெரிக்க இதய நிபுணர் நாய்களின் இதய நாடியைச் சிறிது சிறிதாக இறுக்கி அளந்து பார்த்தார். விட்டம் சுமார் 85 வீதம் ஒடுங்கும் வரை ஓய்வுநேரப் பாய்ச்சல் குறையவே இல்லை. ஆனால் உச்சப் பாய்ச்சல், ஒடுக்கம் பாதியை எட்டும்போதே குறையத் தொடங்கிவிட்டது. உங்கள் அப்பா வீட்டுத் திண்ணையில் இருக்கும்போது சுகமாக இருப்பதற்கும் கோணேசர் கோயில் ஏற்றத்தில் நெஞ்சு இறுகி நின்றுவிடுவதற்கும் காரணம் இதுதான்.

நீங்கள் வயல்காரர் வீட்டுப் பிள்ளை, ஆகவே இதை வாய்க்காலை வைத்துச் சொன்னால் இன்னும் தெளிவாகும். குளக்கோட்டன் கட்டியதாக நம் ஊரில் சொல்லும் கந்தளாய்க் குளத்திலிருந்து உங்கள் பக்கத்துக்கு நீர் வருகிறது. வாய்க்காலில் ஓரிடத்தில் மண் சரிந்து பாதி அடைத்திருக்கிறது என்று வையுங்கள். மழை பெய்யும் பெரும்போகத்தில் வயல்காரர் மடையைக் கொஞ்சம்தான் திறப்பார்கள். கடைசி வயலுக்கும் நீர் போகும், மண் சரிந்ததை யாரும் கவனிக்கவே மாட்டார்கள். சிறுபோகத்தில், வெயில் கொளுத்தும்போது, எல்லாரும் ஒரே நேரத்தில் மடையை முழுதாகத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். அப்போது மண்மேட்டுக்கு மேல்பக்கத்தில் நீர் எவ்வளவு உயரம், கீழ்ப்பக்கத்தில் எவ்வளவு உயரம் என்று ஒரு தடியை ஊன்றிப் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே மட்டமானால் அந்த மண் ஒரு தொல்லையும் செய்யவில்லை. கீழ்ப்பக்கம் பாதியாக இறங்கியிருந்தால் கடைசி வயல் காய்கிறது.

பிரஷர் வயர் செய்வது அச்சொட்டாக இதைத்தான். மேல்பக்கத் தடி, நாடியின் வாயில் வைத்த கதீற்றர் என்ற மெல்லிய குழாய். கீழ்ப்பக்கத் தடி, அடைப்பைத் தாண்டிப் போன வயரின் நுனிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் அமுக்க உணரி. எல்லா மடைகளையும் ஒரே நேரத்தில் திறந்துவிடுவது அடினோசின் என்ற மருந்து. அது நுண்நாடிகளை முழுமையாக விரித்துவிடுகிறது. அதன் பிறகு நுண்நாடிகளின் தடை மிகக் குறைந்து, மாறாமல் நிற்கும். ஆகவே அமுக்க விகிதமே பாய்ச்சலின் விகிதமாகிவிடுகிறது. பாய்ச்சலை நேரடியாக அளப்பது கடினம், அமுக்கத்தை அளப்பது எளிது. எளிதானதை அளந்து கடினமானதை அறியும் இந்த வழியை நெதர்லாந்தின் நிக்கோ பைல்ஸ், பெல்ஜியத்தின் பேர்னாட் டி ப்ரைன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் வகுத்தார்கள். கீழ்ப்பக்க அமுக்கத்தை மேல்பக்க அமுக்கத்தால் வகுத்தால் வரும் எண்ணுக்குப் பெயர் எஃப்.எஃப்.ஆர்.

மேலே அமுக்கம் 90 மில்லிமீற்றர் இரசம், கீழே 63 என்றால் எண் 0.70. அந்த நாடி அடைபடாமல் இருந்திருந்தால் உச்சத்தில் எவ்வளவு இரத்தத்தைக் கொடுத்திருக்குமோ அதில் 70 வீதத்தைத்தான் இப்போது கொடுக்கிறது என்று பொருள். பழுதற்ற நாடியில் எண் 1. இன்று பெரும்பாலான வைத்தியர்கள் கோடு போடும் இடம் 0.80. அதற்கு மேலே இருந்தால் அந்த ஒடுக்கத்தை விட்டுவிடலாம். 0.80 அல்லது அதற்குக் கீழே என்றால் ஸ்டென்டோ, அடைப்பைச் சுற்றி மாற்றுப் பாதை தைக்கும் பைபாஸ் சத்திரசிகிச்சையோ பயன் தரக்கூடும். தொடக்கத்தில் கோடு 0.75இல் இருந்தது. ஆகவே 0.75க்கும் 0.80க்கும் இடையில் வரும் எண்ணைக் கத்தியால் வெட்டியதுபோல் படிக்கக் கூடாது. அங்கே நோயாளியின் உபாதை, வயது, நாடியின் முக்கியத்துவம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தே வைத்தியர் சொல்வார்.

"60 வீதம்" என்று எழுதியிருப்பது எங்கிருந்து வந்தது என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். ஆஞ்சியோகிராம் ஒரு நிழல். சாயத்தை நாடிக்குள் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கிறோம். உருண்டையான குழாயைத் தட்டையான படமாகப் பார்க்கிறோம். ஒடுக்கம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், ஒரு கோணத்தில் 40 என்றும் மறு கோணத்தில் 70 என்றும் தெரியும். பக்கத்திலுள்ள நல்ல பகுதியோடு ஒப்பிட்டுத்தான் வீதம் சொல்லப்படுகிறது. நீரிழிவுக்காரருக்கு அந்த "நல்ல" பகுதியே நெடுகத் தடித்துப் போயிருக்கும். ஒரே படத்துக்கு இரண்டு அனுபவசாலிகள் இருவேறு வீதம் சொன்னதை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இருவரும் திறமைசாலிகள், இருவரும் நேர்மையானவர்கள்.

படம் சரியாகவே 60 என்று காட்டினாலும் கதை முடிவதில்லை. அந்த நாடி எவ்வளவு தசைக்கு இரத்தம் கொடுக்கிறது என்பது படத்தில் எழுதியிருக்காது. ஐம்பது ஏக்கருக்கு நீர் கொண்டுபோகும் வாய்க்காலில் விழுந்த மண்ணும் இரண்டு ஏக்கர் வாய்க்காலில் விழுந்த அதே அளவு மண்ணும் ஒன்றாகுமா? முன்பக்க நாடியின் தொடக்கத்தில் இருக்கும் 50 வீதம், ஒரு சின்னக் கிளையில் இருக்கும் 80 வீதத்தைவிடப் பொல்லாததாக இருக்கலாம். ஒடுக்கத்தின் நீளமும் சேர்ந்துகொள்ளும். அடைபட்ட நாடிக்குப் பக்கத்து நாடியிலிருந்து இயற்கையாகவே முளைத்து வந்த துணைக் குழாய்களும் கணக்கில் வரும். இவை எல்லாவற்றின் கூட்டு விளைவும் அந்த ஒற்றை எண்ணுக்குள் வந்துவிடுகிறது.

இது எவ்வளவு தூரம் வித்தியாசப்படும் என்பதற்கு ஃபேம் என்ற ஆய்வின் தரவு இருக்கிறது. அதில் படத்தில் 50 முதல் 70 வீதம் என்று தெரிந்த ஒடுக்கங்களை அளந்தபோது, அவற்றில் 35 வீதமானவைதான் உண்மையில் இரத்தத்தைத் தடுத்தன. மிச்சம் 65 வீதமானவை பார்வைக்கு மட்டும் பயங்கரம். 71 முதல் 90 வீதம் வரை தெரிந்தவற்றிலும் ஐந்தில் ஒன்று தடுக்கவில்லை. 90ஐத் தாண்டிவிட்டால் 96 வீதமானவை தடுத்தன. அங்கே கண்ணை நம்பலாம். உங்கள் அப்பாவின் 60ஐயும் 80ஐயும் இந்தக் கணக்கில் வைத்துப் பாருங்கள். வலது நாடி தடுப்பதாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் நிச்சயமில்லை. முன்பக்க நாடி எந்தப் பக்கமும் சாயலாம். அந்த நாடிதான் இடது இதயவறையின் பெரும் பங்கைப் போஷிக்கிறது. அங்கே ஊகத்தில் ஒரு முடிவை எடுக்க எனக்கு மனம் வராது.

மூதூரைச் சேர்ந்த ஒரு மீனவர் என் நினைவில் இருக்கிறார். படத்தில் 70 வீதம். அளந்தால் 0.86. ஸ்டென்ட் தேவையில்லை, குளிசையோடு போகலாம் என்று வைத்தியர் சொன்னதும் அவருடைய முகம் வாடிவிட்டது. "இரவெல்லாம் ரயிலில் வந்தேன், வெறுங்கையோடு போவதா?" என்று என்னிடம் கேட்டார். அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் நல்ல செய்தியைக் கொண்டுபோகிறீர்கள் ஐயா என்று சொன்னேன். அவர் நம்பவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. அதே கிழமை ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். படத்தில் வெறும் 50 வீதம், முன்பக்க நாடியின் தொடக்கத்தில். படிக்கட்டில் மூச்சு வாங்குவதை வயதின் மேல் போட்டு எல்லாரும் விட்டிருந்தார்கள். அளந்தபோது 0.71. ஸ்டென்ட் வைத்த பிறகு, முதல்முறையாக நிற்காமல் மாடி ஏறினேன் என்று கிளினிக்கில் சொல்லி அழுதார். படத்தை மட்டும் பார்த்திருந்தால் இருவருக்கும் நேர்மாறாகச் செய்திருப்போம்.

"அளந்து, தேவையில்லை என்று விட்டுவிட்டால் பிறகு ஆபத்து வராதா?" இதுதான் எல்லாக் குடும்பங்களும் கேட்கும் அடுத்த கேள்வி. இதற்கு விடை தேடியே டிஃபேர் என்ற ஆய்வு நடந்தது. எண் 0.75க்கு மேல் வந்த நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அடைப்பை விரித்தார்கள். மற்றப் பகுதியினருக்கு மருந்து மட்டும். ஐந்து வருடத்தின் பின், இதய மரணமோ மாரடைப்போ கண்டவர்கள் மருந்துப் பகுதியில் 3.3 வீதம், விரித்த பகுதியில் 7.9 வீதம். பதினைந்து வருடம் தொடர்ந்து பார்த்தபோதும், விட்டுவைத்தவர்களுக்கு மாரடைப்புக் கூடவில்லை: 2.2 வீதம், விரித்தவர்களில் 10 வீதம். தடுக்காத ஒடுக்கத்தை விட்டுவைப்பது பாதுகாப்பானது என்று பதினைந்து வருடத்து வாழ்க்கையே சாட்சி சொல்கிறது.

2009இல் வந்த ஃபேம் ஆய்வின் முடிவு எங்கள் வேலையையே மாற்றியது. ஒன்றுக்கு மேற்பட்ட நாடிகளில் ஒடுக்கம் உள்ள 1005 பேர். அரைவாசிப் பேருக்குப் படத்தைப் பார்த்து எல்லா ஒடுக்கத்துக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள், அரைவாசிப் பேருக்கு அளந்து 0.80 அல்லது அதற்குக் கீழே வந்தவற்றுக்கு மட்டும். அளந்தவர்களுக்கு ஆளுக்குச் சராசரி 1.9 ஸ்டென்ட் போதுமாக இருந்தது, மற்றவர்களுக்கு 2.7. ஒரு வருடத்துக்குள் மரணம், மாரடைப்பு, மறுபடி சிகிச்சை என்று ஏதாவது ஒன்றைச் சந்தித்தவர்கள் அளந்தவர்களில் 13.2 வீதம், அளக்காதவர்களில் 18.3 வீதம். ஸ்டென்ட் குறைந்தது, துன்பமும் குறைந்தது. மேசையில் நோயாளி கிடந்த நேரம்கூடக் கூடவில்லை.

ஏன் இப்படி என்று யோசித்தால் விளங்கும். ஸ்டென்ட் என்பது உடலுக்குள் ஆயுள் முழுவதும் இருக்கும் ஓர் உலோகப் பின்னல். அதில் இரத்தம் உறையலாம், உள்ளே சதை வளர்ந்து மறுபடி ஒடுங்கலாம். அதற்காக அஸ்பிரினோடு குளோபிடோகிரெல் போன்ற இன்னொரு குளிசையையும் சேர்த்து மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். இரத்தம் கசியும் அபாயம் அதோடு வரும். தேவையான இடத்தில் இந்த விலை நியாயமானது. தேவையில்லாத இடத்தில் நட்டம் மட்டுமே மிஞ்சும். என் சொந்த அண்ணாவுக்கு, நான் அருகில் இல்லாத நேரத்தில், அளக்காமலே ஒரே நாளில் மூன்று ஸ்டென்ட் வைத்தார்கள். எங்கே என்பது இங்கே வேண்டாம். எட்டாம் மாதம் குடலில் இரத்தம் கசிந்து வார்டில் கிடந்தார். பழைய படத்தை நான் வாங்கிப் பார்த்தபோது, அதில் ஒன்று 50 வீதத்துக்குமேல் இராது. அளந்திருந்தால் அது இருந்திருக்குமா என்ற கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. இந்தப் பதிலை இவ்வளவு நீளமாக எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. எண் 0.80க்குக் கீழே வந்தால் ஸ்டென்ட் வைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் உயிருக்கு ஆபத்து என்று நினைத்துவிடாதீர்கள். 2012இல் வந்த இரண்டாம் ஃபேம் ஆய்வில், எண் குறைந்த 888 பேரை ஸ்டென்டும் மருந்தும், மருந்து மட்டும் என்று பிரித்தார்கள். மருந்து மட்டும் எடுத்தவர்களில் 12.7 வீதத்தினருக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.3 வீதத்தினருக்கும் பிரச்சினை வந்தது. வித்தியாசம் பெரிதாக இருந்ததால் ஆய்வை இடையில் நிறுத்தினார்கள். ஆனால் அந்த வித்தியாசத்தின் பெரும்பகுதி, நெஞ்சுவலி கூடி அவசரமாக ஸ்டென்ட் வைக்க ஓடிவந்தவர்களால் வந்தது, மரணத்தால் அல்ல. 2020இல் 5179 பேரை வைத்து வெளிவந்த இஸ்கீமியா ஆய்வும், உறுதியான நிலையிலுள்ள நோயாளிகளில் குழாய் விரிப்போ பைபாஸோ உயிரை நீட்டியதாகவோ மாரடைப்பை மொத்தத்தில் குறைத்ததாகவோ காட்டவில்லை. நெஞ்சிறுக்கம் குறைந்து வாழ்க்கை இலேசாகும் என்பதையே காட்டியது. நெல் மூட்டை தூக்கிப் பிழைக்கும் மனிதருக்கு அது சின்ன விஷயமல்ல.

அன்று என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அப்பாவிடம் படித்துக் காட்டுங்கள். முதல் ஆஞ்சியோகிராம் போலவேதான் தொடங்கும். மணிக்கட்டில் அல்லது தொடையிடுக்கில் விறைப்பூசி, பிறகு அந்த இடத்து நாடி வழியாகக் கதீற்றர். இரத்தம் உறையாமல் இருக்க ஹெபரின் கொடுப்பார்கள். நாடி இறுகாமல் இருக்க நைட்ரோகிளிசரின் கொடுப்பார்கள். வயரின் தடிப்பு 0.36 மில்லிமீற்றர்தான், நாடிக்குள் போவது தெரியாது. அடைப்பைத் தாண்டுமுன் வயரின் உணரியும் கதீற்றரும் ஒரே அமுக்கத்தைக் காட்டுகின்றனவா என்று சமன் செய்வார்கள். பிறகு அடினோசின். நாளத்தின் வழியாக ஏற்றினால் கிலோவுக்கு நிமிடத்துக்கு 140 மைக்ரோகிராம். இங்கேதான் அப்பாவுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்: நெஞ்சு அழுத்தும், முகம் சூடாகும், மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம். அந்த மருந்து இரத்தத்தில் பத்து விநாடிக்குள் பாதியாகிவிடும். ஏற்றுவதை நிறுத்தியதும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கும். முன்கூட்டித் தெரியாமல் வந்தவர்கள் மாரடைப்பு வந்துவிட்டது என்று மேசையில் துடித்ததை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

எண் வந்த பிறகு நல்ல வைத்தியர் வயரை மெதுவாகப் பின்னிழுப்பார். எந்த இடத்தில் அமுக்கம் திடீரென்று ஏறுகிறது என்று பார்க்கத்தான். ஓரிடத்தில் படியேறினால் அந்த இடத்தில் ஸ்டென்ட் வேலை செய்யும். நாடி நெடுகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால் நோய் முழு நீளத்துக்கும் பரவியிருக்கிறது, ஸ்டென்டால் பெரிய பயன் வராது. நீரிழிவுக்காரரில் இந்த இரண்டாவது வகையை நாங்கள் அதிகம் கண்டோம். கடைசியில் உணரியைக் கதீற்றரின் வாய்க்குக் கொண்டுவந்து, இரண்டு அமுக்கமும் இன்னும் சமமா என்று மறுபடி பார்ப்பார்கள். விலகியிருந்தால் அளவு பிழை, திரும்ப எடுக்க வேண்டும்.

அடினோசின் இல்லாமலே, இதயம் விரியும் வேளையின் ஒரு பகுதியில் மட்டும் விகிதத்தைப் பார்க்கும் ஐ.எஃப்.ஆர். என்ற முறையும் உண்டு. அதன் கோடு 0.89. 2017இல் இரண்டு பெரிய ஆய்வுகள், ஒரு வருட முடிவில் அது எஃப்.எஃப்.ஆருக்குக் குறைந்ததல்ல என்று காட்டின. ஆஸ்துமா உள்ளவருக்கு அது வசதி. வயரே இல்லாமல், படத்திலிருந்து கணினி கணக்கிட்டுச் சொல்லும் முறைகளும் வந்திருக்கின்றன. அவற்றில் கியூ.எஃப்.ஆர். என்பதை 2024இல் ஐரோப்பாவில் எஃப்.எஃப்.ஆரோடு நேருக்கு நேர் வைத்துப் பார்த்தபோது, அது ஈடாக நிற்கும் என்பதை நிரூபிக்க முடியவில்லை. வயர் போட வாய்ப்பிருந்தால் வயரே போடட்டும் என்பது என் எண்ணம்.

அளக்கக் கூடாத நேரமும் உண்டு. மாரடைப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதற்குக் காரணமான நாடியை அளந்துகொண்டிருக்க மாட்டார்கள், உடனே திறக்க வேண்டும். அந்த நேரத்தில் நுண்நாடிகள் அடிபட்டு விரிய மறுக்கும், எண்ணும் பொய் சொல்லும். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்சுவலியோடு அவசரமாகக் கொண்டுபோகப்பட்டவரா என்று கேட்டுப் பாருங்கள். அப்படியானால் அவருக்கு உடனே வைத்தது சரி, அப்பாவுக்கு நிறுத்தியதும் சரி. இன்னொன்று: எண் நன்றாக வந்தும் சிலருக்கு நெஞ்சிறுக்கம் தொடரும். நுண்நாடிகளே நோய்ப்பட்டிருந்தால் அப்படி நடக்கும், நீரிழிவுக்காரருக்கும் பெண்களுக்கும் இது உண்டு. அந்த வலி கற்பனையல்ல. அதற்கு வேறு அளவும் வேறு மருந்தும் இருக்கின்றன.

உங்கள் அப்பாவின் விடயத்தில் ஒன்றை நீங்கள் வாய் திறந்து கேட்க வேண்டும். முன்பக்க நாடியும் வலது நாடியும் இரண்டுமே 0.80க்குக் கீழே வந்தால், நீரிழிவும் இருப்பதால், பைபாஸ் நல்லதா ஸ்டென்ட் நல்லதா? பல நாடிகளில் நோயுள்ள நீரிழிவுக்காரருக்குப் பைபாஸே மேல் என்று 2012இல் ஃப்ரீடம் என்ற ஆய்வு காட்டியது. அளந்து ஸ்டென்ட் வைத்தால் பைபாஸுக்கு ஈடாகுமா என்று மூன்று நாடியும் அடைத்த 1500 பேரில் பார்த்தபோதும், 2022இல் வந்த விடை, ஈடாகவில்லை என்பதே: ஒரு வருடத்தில் ஸ்டென்டில் 10.6 வீதம், பைபாஸில் 6.9 வீதம். முன்பக்க நாடி நல்ல எண்ணைக் காட்டி வலது மட்டும் குறைந்தால் கதை இலேசாகிவிடும், ஒரு ஸ்டென்டோடு வீட்டுக்கு வரலாம். இரண்டு நாடி நோய் ஒரு நாடி நோயாக மாறுவதை அந்த மேசையில் எத்தனையோ முறை கண்டிருக்கிறேன். நெஞ்சைப் பிளக்க வேண்டுமா என்ற முடிவே அந்த எண்ணில் தொங்குகிறது. இரண்டு கிழமை காத்திருக்கச் சொன்னதன் பெறுமதி இங்கேதான் இருக்கிறது.

அந்த இரண்டு கிழமையில் கொடுத்த குளிசை ஒன்றையும் விட வேண்டாம். அஸ்பிரினும் கொலஸ்திரோல் குளிசையும் எண் எப்படி வந்தாலும் தொடர வேண்டியவை. அடைப்பு மேலும் வளராமலும் வெடிக்காமலும் காப்பவை அவைதான், ஸ்டென்ட் அல்ல. சுருட்டுப் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்தட்டும். மூட்டை தூக்குவது வேண்டாம், சமதரையில் மெதுவாக நடக்கலாம். நாக்குக்குக் கீழே வைக்கும் குளிசை சட்டைப் பையிலேயே இருக்கட்டும். வலி முன்பைவிடக் குறைந்த வேலையில் வந்தாலோ, ஓய்வில் வந்தாலோ, வியர்த்துக்கொண்டு பத்து நிமிடத்துக்குமேல் நீடித்தாலோ, திகதி வரும் என்று காத்திருக்காதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியில் திருகோணமலை வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். கொழும்பில் ஏற்கெனவே காட்டுகிறோம் என்று காரில் ஏற்றிக்கொண்டு 260 கிலோமீற்றர் ஓட வேண்டாம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து அருகிலேயே கிடைக்கும், ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசைதான் கருகும்.

போகும்போது கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுபோங்கள், சாயம் சிறுநீரகத்தைத் தொடும். நீரிழிவுக்கு மெட்ஃபோமின் குளிசை எடுப்பவரானால் அதை நிறுத்த வேண்டுமா என்று முதலே கேளுங்கள். ஆஸ்துமா இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அதற்குத் தியோபிலின் குளிசை எடுத்தால் அதையும் சொல்லுங்கள். வெளியே வந்ததும், எந்த நாடியில், எந்த இடத்தில், எந்த எண் என்று கொப்பியில் எழுதி வாங்குங்கள். "அடைப்பு இருக்கிறது, பரவாயில்லை" என்ற வாய்ச்சொல் போதாது. ஐந்து வருடம் கழித்து மறுபடி நெஞ்சு இறுகினால், அந்த வைத்தியருக்கு அந்த எண் பெரிய துணை.

எல்லாரும் மறப்பது தேநீரைத்தான். தேயிலையிலும் கோப்பியிலும் கோலாவிலும் உள்ள கஃபீன் அடினோசினை வேலை செய்யவிடாது. மடை திறக்காது, எண் உள்ளதைவிட நல்லதாகக் காட்டும், தேவையான ஸ்டென்ட் தவறிப்போகும். ஆகவே முதல் நாள் காலையிலிருந்தே அப்பாவுக்குத் தேநீர் கிடையாது. இரவு ரயிலில் போனால் கல்லோயாச் சந்தியில் விற்றுக்கொண்டு வருவார்கள், அங்கேயும் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். எல்லாம் முடிந்து வாகனத்தில் திரும்பும்போது ஹபரணையில் நிறுத்தி, சீனி போடாமல் ஒரு கோப்பை வாங்கிக் கொடுங்கள்.